மெட்ரோபாலிஸ் படத்தை வீட்ல ஒழுங்கா பாக்கறது எப்படி

மெட்ரோபாலிஸ்ங்கற பழைய ஜெர்மன் ஊமைப் படத்த நான் முதல் தடவ பாத்தது லேப்டாப்ல, யாரோ ஏத்தி வெச்ச ஒரு மங்கலான பிரிண்ட்ல, பின்னாடி படத்துக்கு சம்பந்தமே இல்லாம ஒரு பியானோ ஓடிட்டே இருந்துச்சு, நாப்பது நிமிஷம் தாக்குப் பிடிச்சுட்டு மூடி வெச்சுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு ரெஸ்டோர் பண்ண வெர்ஷனை டிவில, லைட்டெல்லாம் அணைச்சுட்டு, எங்கப்பாவ பக்கத்துல உக்கார வெச்சு பாத்தேன். அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேருக்கும் தூக்கம் வரல. அதனால தான் இத எழுதறேன், ஏன்னா இந்தப் படம் பிடிக்கலன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் தப்பான பிரிண்ட்ட தப்பான செட்டிங்ல பாத்தவங்க, அவங்க மேல தப்பே கிடையாது.

முதல்ல எந்த வெர்ஷன்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த இந்தப் படம் 1927 ஜனவரி 10ஆம் தேதி பெர்லின்ல ரிலீஸ் ஆனப்ப 4,189 மீட்டர் நீளம், ரெண்டரை மணி நேரத்துக்கு ஓடற படம். அதுக்கப்புறம் கத்தரி விழுந்துச்சு. அமெரிக்காவுல ரிலீஸ் பண்ண பாரமவுண்ட் கிட்டத்தட்ட கால்வாசிய வெட்டி, காட்சிக்கு நடுவுல எழுத்தா வர்ற டைட்டில் கார்டெல்லாம் மாத்தி எழுதி வேற கதையாவே ஆக்கிட்டாங்க, ஜெர்மனிலயும் அதே வருஷம், படத்த தயாரிச்ச உஃபா கம்பெனி அத வாபஸ் வாங்கி சின்னதாக்கி திரும்ப விட்டுச்சு. முழு படம் அப்படியே காணாம போச்சு. எண்பது வருஷம் உலகம் பாத்ததெல்லாம் மிச்சம் மீதி தான். இப்ப நெட்ல தேடினா நாலஞ்சு விதமா வரும், ஓடற நேரத்த வெச்சே கண்டுபிடிச்சுடலாம். 80 நிமிஷம் சொச்சம்னா அது 1984ல ஜார்ஜியோ மொரோடர்ங்கற இசையமைப்பாளர் கலர் சாயம் ஏத்தி பாப் பாட்டு போட்டு விட்டது, அதுக்குன்னு ரசிகர்கள் இருக்காங்க, ஆனா முதல் தடவைக்கு அது வேண்டாம். ரெண்டு மணி நேரம் சொச்சம்னா 2001 ரெஸ்டோரேஷன், பழைய ஜெர்மன் படங்கள பாதுகாக்கற முர்னாவ் ஃபவுண்டேஷன் பண்ணது, நல்ல வேலை, அதுக்கு தான் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல இடம் குடுத்துச்சு. 145 நிமிஷத்துக்கு மேல இருந்தா, அதுதான் 2010 வெர்ஷன், அதத்தான் பாக்கணும்.

ஏஐ வெச்சு கலர் ஏத்தினது, செகண்டுக்கு 60 பிரேம் ஆக்கினதுன்னு வர்றத தயவுசெஞ்சு தொடாதீங்க. முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி ஆயிடும், புகையும் வெளிச்சமும் தான் இந்தப் படத்தோட உயிரே, அதத்தான் அந்த சாஃப்ட்வேர் முதல்ல துடைச்சு எடுக்குது.

ப்ளூரே வாங்கறதா இருந்தா டிஸ்க் பின்னாடி ரீஜன் எழுத்த பாத்துட்டு வாங்குங்க. இந்தியா ரீஜன் சி, அமெரிக்கா ஏ, இங்கிலாந்து பி, நம்ம பிளேயர் எல்லாத்தையும் ஓட்டாது. டைட்டில் கார்டு ஜெர்மன்லயே இருந்து கீழ சப்டைட்டில் வர்ற பிரிண்ட் கிடைச்சா அதையே எடுங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

சரி, 2010 வெர்ஷன் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு உக்காந்தா பாக்கற விதமே மாறிடும். 1920கள் கடைசில அர்ஜென்டினா விநியோகஸ்தர் ஒருத்தர் வெட்டுப்படாத பிரிண்ட்ட அவங்க ஊருக்கு கொண்டு போனாரு, அது அங்க கை மாறி கை மாறி இருந்துச்சு, பழைய நைட்ரேட் ஃபிலிம் சட்டுனு தீப்பிடிக்கும்னு பயந்து பின்னாடி அத 16 எம்எம்ல நகல் எடுத்து வெச்சுட்டாங்க. அந்த நகல் கடைசில புவனோஸ் ஐரிஸ்ல இருக்கற சினிமா மியூசியத்துல போய் உக்காந்துச்சு. அங்க ஃபெர்னாண்டோ பேனான்னு ஒரு சினிமா ஆராய்ச்சியாளர், ஒரு ஃபிலிம் கிளப் ஆள் பேச்சுவாக்குல சொன்னத கேட்டிருக்காரு: முன்ன ஒரு தடவ மெட்ரோபாலிஸ் ஓட்டினப்ப ஃபிலிம் ஆடாம இருக்க புரொஜெக்டர்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நிக்க வேண்டியதா போச்சுன்னு. கேட்டவரோட மனசுல நின்னது அந்த நேரக் கணக்கு. அப்ப உலகத்துல இருந்த எந்த பிரிண்ட்டும் அவ்ளோ நேரம் ஓடாதே? பல வருஷம் கழிச்சு, 2008ல, அவரும் மியூசியம் டைரக்டர் பவுலா ஃபெலிக்ஸ் டிடியரும் டப்பாவ திறந்து பாத்தா உள்ள முழு படமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. 25 நிமிஷம் காட்சி, 1927க்கு அப்புறம் யாரும் பாக்கலன்னு நினைச்சது.

இதப் படிச்சப்ப எனக்கு நம்ம நடராஜ முதலியார் எடுத்த கீசகவதம் ஞாபகம் வந்துச்சு. தென்னிந்தியாவோட முதல் கதைப் படம், இன்னிக்கு அதோட பிரிண்ட் எங்கயும் இல்ல. நம்ம ஊமைப் படங்கள்ல முக்கால்வாசிக்கு மேல அப்படித்தான் போச்சு. ஒரு டப்பாவுக்குள்ள இருந்து ஒரு படம் திரும்பி வருதுன்னா அது எவ்ளோ பெரிய விஷயம்னு நமக்கு தான் நல்லா தெரியும்.

இங்க தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அந்த அர்ஜென்டினா ஃபிலிம் கீறல் கீறலா இருக்கும். நகல் எடுக்கும்போது பழைய பிரிண்ட்ல இருந்த கீறலும் அழுக்கும் சேர்ந்தே படமாகிடுச்சு, கம்ப்யூட்டர்ல எவ்ளோ சுத்தம் பண்ணியும் முழுசா போகல. அதனால படம் பளிச்சுனு போயிட்டே இருக்கும், திடீர்னு மழை பெய்யற மாதிரி கோடு கோடா வரும், ஓரத்துல கறுப்பு பட்டை விழுந்து படமே கொஞ்சம் சின்னதாகும். நிறைய பேர் அந்த இடத்துல முகம் சுளிப்பாங்க. நீங்க அங்க தான் நிமிர்ந்து உக்காரணும், ஏன்னா கோடு விழற இடமெல்லாம் வெட்டி எறிஞ்ச இடம். படத்துக்குள்ளயே அதோட வரலாறு எழுதியிருக்கு, எதெல்லாம் வேண்டாம்னு தூக்கிப் போட்டாங்கன்னு தனியா ஒரு புஸ்தகம் படிக்க வேண்டியதில்ல, திரையே காட்டிக் குடுக்கும்.

உதாரணத்துக்கு 11811ங்கற நம்பர் போட்ட தொழிலாளி, பேரு ஜார்ஜி. முதலாளி மகன் ஃப்ரெடர் அவன்கூட டிரெஸ்ஸ மாத்திக்கிட்டு அவனோட மெஷின்ல நின்னு வேல பாக்கறான், ஜார்ஜிய தன்னோட கார்ல ஏத்தி அனுப்பறான். சின்னதாக்கின பிரிண்ட்ல அந்த ஜார்ஜி அதுக்கப்புறம் என்ன ஆனான்னே சரியா தெரியாது. இப்ப பாருங்க, காருக்குள்ள உக்காந்து பாக்கெட்டுல கைய விட்டா கத்தையா பணம், ஜன்னல் வழியா யோஷிவாரான்னு ஒரு கேளிக்கை விடுதியோட நோட்டீஸ் பறந்து வந்து விழுது, வாழ்க்கைல முதல் தடவையா அவன் கண்ணு அப்படி விரியுது. முழுக்க கீறல் தான். அவன ஒரு மனுஷனா காட்டற இடத்த பூரா தூக்கிட்டு, மெஷின் முன்னாடி நிக்கற நம்பரா மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. முதலாளியோட உளவாளியா வர்ற ஒல்லி மனுஷன், ஃப்ரிட்ஸ் ராஸ்ப் நடிச்சது, அவரும் அப்படித்தான், வெட்டின பிரிண்ட்ல சும்மா வந்துட்டு போவாரு, இதுல பாத்தா பயமா இருக்கும். அப்புறம் ஹெல். விஞ்ஞானி ரோட்வாங் காதலிச்சு, முதலாளி ஃப்ரெடர்சனை கல்யாணம் பண்ணிக்கிட்டு, பிரசவத்துல செத்துப் போன பொண்ணு. அவ நினைவா கல்லுல பெரிய தலை ஒண்ணு செஞ்சு வீட்டுக்குள்ள வெச்சிருப்பாரு ரோட்வாங். அந்தப் பேரு இங்கிலீஷ்ல நரகம்னு கேக்குதுன்னு சொல்லி அமெரிக்காக்காரங்க அவளையே கதைல இருந்து எடுத்துட்டாங்க. அவள எடுத்துட்டா ரோட்வாங் எதுக்கு ரோபோ செய்யறாருன்னே புரியாது, வெறும் பைத்தியக்கார விஞ்ஞானி ஆயிடறாரு.

இனி டிவி செட்டிங். கொஞ்சம் போரடிக்கும், ஆனா பண்ணிடுங்க, அஞ்சு நிமிஷ வேல. அசைவ வழவழன்னு ஆக்கற மோஷன் ஸ்மூத்திங்க அணைங்க, சோனில மோஷன்ஃப்ளோன்னு இருக்கும், எல்ஜில ட்ரூமோஷன், சாம்சங்ல ஆட்டோ மோஷன் பிளஸ், பேரு எதுவா இருந்தாலும் ஆஃப். நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஆஃப், அது ஃபிலிம்ல இயல்பாவே இருக்கற பொடிப் புள்ளிய, அதாவது கிரெய்ன, அழுக்குன்னு நினைச்சு வழிச்சு எடுத்துடும். பிக்சர் மோட் விவிட்ல இருந்தா கறுப்பு வெள்ளை நீலமா தெரியும், சினிமா மோட் இல்லன்னா ஃபிலிம்மேக்கர் மோட் வைங்க, ஷார்ப்னெஸ்ஸ நல்லா இறக்குங்க. முக்கியமா ஸ்கிரீன நிரப்பறேன்னு ஜூம் பண்ணாதீங்க. இது கிட்டத்தட்ட சதுரமா எடுத்த படம், ரெண்டு பக்கமும் கறுப்பு பட்டை வரத்தான் செய்யும், இழுத்து விட்டா ஆளுங்க குண்டாயிடுவாங்க, ஜூம் பண்ணா மேல கோபுரமும் கீழ கூட்டமும் அறுபட்டு போகும், இந்தப் படத்துல உயரம் தானே கதையே, மேல முதலாளிங்க, பூமிக்கு அடில தொழிலாளிங்க.

லைட்ட அணைங்க, டிவிக்கு பின்னாடி ஒரு சின்ன பல்பு மட்டும் எரிஞ்சா கண்ணு வலிக்காது. போன பக்கத்து ரூம்ல போட்டுடுங்க. பேச்சுப் படம்னா போன நோண்டிக்கிட்டே காதுல வாங்கிக்கலாம், இதுல ஒரு பத்து செகண்ட் தலைய குனிஞ்சீங்கன்னா ஒரு விஷயம் போச்சு. சமையல் முடிஞ்சு, மிக்ஸி குக்கர் சத்தமெல்லாம் ஓஞ்சப்புறம் உக்காருங்க.

சவுண்ட சாதாரணமா நினைச்சுடாதீங்க. காட்ஃப்ரீட் ஹூப்பர்ட்ஸ் இந்தப் படத்துக்குன்னே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதின மியூசிக் இது, முதல் ஷோவுலயே லைவா வாசிச்சது. அவர் எழுதின பியானோ நோட்ல எந்த காட்சிக்கு எந்த இசைன்னு ஆயிரத்துக்கும் மேல குறிப்பு இருக்கு, காணாம போன காட்சி எந்த வரிசைல வரணும்னு ரெஸ்டோர் பண்ணவங்க கண்டுபிடிச்சதே அத வெச்சுத்தான். அதாவது இந்த படத்துல இசை வழிகாட்டி மாதிரி. டிவி ஸ்பீக்கர் பத்தாது, சவுண்ட்பார் இருந்தா போடுங்க, இல்லன்னா நல்ல ஹெட்ஃபோன், டயலாக் மோட்ல இருந்தா மியூசிக் மோடுக்கு மாத்துங்க. ரெண்டு இடத்துல காத தீட்டிக்கோங்க: கதீட்ரல்ல மரணத்தோட சிலை வர்றப்ப டியஸ் இரேங்கற பழைய சர்ச் இறுதிச்சடங்கு பாட்டோட மெட்டு கேக்கும், தொழிலாளிங்க பொங்கி எழுந்து ஓடறப்ப பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டு மார்செய்லேஸ் கோணலா, ஆவேசமா கேக்கும்.

ரெண்டரை மணி நேரம் ஒரே மூச்சுல முடியலன்னா பரவால்ல, படமே மூணா பிரிச்சு தான் இருக்கு. முதல் பாகம் ஆஃப்டாக்ட், தொடக்கம்னு அர்த்தம், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அடுத்தது இடைப் பாகம் ஒரு அரை மணி நேரம், கடைசில ஃபூரியோசோ, ஆவேசம்னு அர்த்தம், பேருக்கேத்த மாதிரி நிக்காம ஓடும். முதல் பாகம் முடிஞ்சதும் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. நடுவுல வேற எங்கயும் நிறுத்தாதீங்க.

டைட்டில் கார்ட ஏன் ஜெர்மன்ல பாக்க சொன்னேன்னா, எழுத்தே நடிக்கும். தொழிலாளிங்களோட ஊர் பூமிக்கு அடில ஆழமா இருக்குன்னு சொல்ற கார்டு, லிப்ட் இறங்கற மாதிரியே கீழ இறங்கும். உடனே பணக்காரப் பசங்களோட உலகத்த சொல்ற கார்டு மேல ஏறும். பைபிள்ல வர்ற கோபுரத்தோட பேரு பாபேல்னு ஒரு வார்த்த வரும் பாருங்க, அந்த எழுத்துல இருந்து ரத்தம் ஒழுகற மாதிரி இருக்கும். சப்டைட்டில வீட்ல பெரியவங்களுக்கு தமிழ்ல சத்தமா படிச்சு சொல்லுங்க. நம்ம ஊர் ஊமைப் படக் கொட்டகைல திரை பக்கத்துல ஒருத்தர் நின்னு கதை சொல்லுவாரே, அதே வேல தான், கார்டு குறைவு, திணறலே இருக்காது.

இப்ப எங்கப்பா விஷயத்துக்கு வர்றேன். முப்பத்தி ஒரு வருஷம் ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் பாத்தவரு. படம் ஆரம்பிச்சு மெஷினெல்லாம் சுத்தி, கடிகாரம் காட்டி, நீராவிய கக்கிக்கிட்டு ஊதல் ஊதுது, அப்பா நிமிர்ந்து உக்காந்து "சங்கு ஊதிட்டான்" னாரு. மில் சங்க இருவது வருஷமா கேக்காத மனுஷன். அடுத்து ஷிப்ட் மாறுற காட்சி. ஒரு கதவு, ரெண்டு வரிசை, எல்லாருக்கும் கறுப்பு டிரெஸ், தலை தொங்கி இருக்கு. "அந்த பக்கம் வர்றவன் வேல முடிச்சவன், இந்த பக்கம் போறவன் உள்ள போறவன், நடைய பாரு" ன்னாரு. நான் அது வரைக்கும் கவனிக்கவே இல்ல. ரீவைண்ட் பண்ணி பாத்தா நெசமாவே வெளிய வர்ற வரிசை உள்ள போற வரிசைய விட பாதி வேகத்துல நகருது. ஒரே உடுப்பு, ஒரே குனிவு, வேகம் மட்டும் வேற, பத்து மணி நேர வேலைய லாங் அந்த வித்தியாசத்துல சொல்லி முடிச்சுட்டாரு. கடிகாரத்தயும் பாருங்க, 24 மணி நேரக் கடிகாரத்தோட கூட ஷிப்டுக்குன்னு பத்து மணி மட்டும் போட்ட இன்னொரு கடிகாரம் இருக்கும்.

நடிப்பு ஓவரா இருக்கேன்னு தோணும், ஃப்ரெடரா வர்ற குஸ்டாவ் ஃப்ரோலிக் நெஞ்சுல கை வெச்சுக்கிட்டே ஓடுவாரு. ஆனா அவங்கப்பாவா வர்ற ஆல்ஃபிரெட் ஏபெல பாருங்க, அசையவே மாட்டாரு, கண்ண லேசா திருப்பினா ஒருத்தனுக்கு வேல போயிடும். மகன் ஆடறதும் அப்பன் அசையாததும் சேர்ந்து தான் ஒரு நடிப்பு. எல்லாரையும் விட பிரிகிட்டே ஹெல்ம், அவங்களுக்கு அது முதல் படம், தொழிலாளிங்களுக்கு நம்பிக்கை சொல்ற நல்ல மரியாவாவும் வர்றாங்க, மரியா உருவத்துல இருக்கற ரோபோவாவும் வர்றாங்க. மேக்கப்ப வெச்சு வித்தியாசம் தேடாதீங்க, தோள பாருங்க, கழுத்த பாருங்க. ரோபோ மரியா தலைய வெடுக்குனு திருப்புவா, ஒரு கண்ணு பாதி மூடி இருக்கும், உடம்பு ஒவ்வொரு துண்டா அசையும். ரோபோ டிரெஸ் இரும்பே இல்ல தெரியுமா, வால்டர் ஷுல்ட்சே மிட்டன்டார்ஃப்ங்கற சிற்பி அவங்க உடம்புக்கு அச்சு எடுத்து, மரக்கூழ் மாதிரி ஒண்ண அது மேல பூசி இறுக விட்டு, உலோகம் மாதிரி வண்ணம் அடிச்சது. அதுக்குள்ள நின்ன பொண்ணுக்கு உடம்பெல்லாம் கன்னிப் போச்சு. ரோபோ நாற்காலில இருந்து எந்திரிச்சு நடந்து வர்ற காட்சில இத நினைச்சுக்கிட்டு பாருங்க.

தந்திரக் காட்சியப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஓய்கன் ஷுஃப்டன்னு ஒரு கலைஞர், கேமரா முன்னாடி கண்ணாடிய சாய்வா வெச்சு, அதுல பக்கத்துல இருக்கற சின்ன மாடல் கட்டடம் தெரியற மாதிரி பண்ணி, ஆள் நிக்க வேண்டிய இடத்துல மட்டும் பின்னாடி ரசத்த சுரண்டிடுவாரு. சுரண்டின ஓட்டை வழியா தூரத்துல நிக்கற நிஜ ஆள், சுத்தி கண்ணாடில மாடல், ரெண்டும் ஒரே பிரேம்ல. பணக்காரப் பசங்க ஓட்டப்பந்தயம் ஓடற ஸ்டேடியத்துல அந்த ராட்சச சுவர் இப்படி வந்தது தான். நிறுத்தி வெச்சு ஜாயின்ட் எங்கன்னு தேடிப் பாருங்க, எனக்கு கிடைக்கல.

கதைய பத்தியும் நேரா சொல்லிடறேன். மூளைக்கும் கைக்கும் நடுவுல இதயம் இருக்கணும்னு படம் முடியும், முதலாளியும் ஃபோர்மேனும் கை குலுக்குவாங்க. எங்கப்பா அத ஏத்துக்கல, கை குலுக்கினா கூலி ஏறிடுமான்னு கேட்டாரு. லாங்கே பின்னாடி அந்த முடிவுல தனக்கு நம்பிக்கை இல்லன்னு தான் சொன்னாரு, இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் அப்பவே படத்த கிழிச்சு எழுதினாரு. அந்த முடிவு எனக்கும் ஒட்டல. ஆனா அதுக்கு முன்னாடி வெள்ளம் வர்ற காட்சி, நூத்துக்கணக்கான குழந்தைங்க தண்ணி ஏற ஏற நடுவுல இருக்கற மேடைய நோக்கி வந்து மரியாவ சுத்தி கைய நீட்டிக்கிட்டு நிக்கறது, அத மறக்க முடியாது. நடுநடுவுல மழைக்கோடு விழும், அதெல்லாம் அர்ஜென்டினாவுல இருந்து வந்த துண்டு, அது இல்லாம முன்னாடி அந்த குழந்தைங்க ரொம்ப சுலபமா தப்பிச்ச மாதிரி இருந்துச்சு.

கடைசியா ஒண்ணு. அர்ஜென்டினா பிரிண்ட்லயும் இல்லாத ரெண்டு இடம் இன்னும் பாக்கி இருக்கு. கதீட்ரல்ல சாமியார் பிரசங்கம் பண்றது ஒண்ணு, ரோட்வாங்கும் ஃப்ரெடர்சனும் கட்டிப் புரள்றது ஒண்ணு, அந்த சண்டைல தான் மரியா தப்பிச்சு ஓடறா. அங்க காட்சிக்கு பதிலா வேற மாதிரி எழுத்துல விளக்கம் வரும், ஃபார்வர்ட் பண்ணாதீங்க, அதையும் நிதானமா படிங்க. நான் படிச்சு முடிச்சதும் அப்பா திரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அந்த சண்டை எங்கம்மா?"

"இன்னும் கிடைக்கலப்பா."